பூங்காவில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம்: இயற்கை நடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

"என்ன சார், சாவி கீவி தொலைச்சிட்டீங்களா?" என்று எங்கள் பேட்டைப் பூங்காவின் காவலாளி முதல் நாள் கேட்டார். நான் நந்தியாவட்டைச் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இலைகளுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு போட்டு நடக்கிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் தேடியது ஒரு புழு. விரல் பருமனில் பச்சையாக இருக்கும். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, தோள்பட்டையில் இருக்கும் இரண்டு நீலக் கண் புள்ளிகளை விரித்துக் காட்டும். அவை நிஜக் கண்கள் இல்லை, பறவையைப் பயமுறுத்துவதற்கான வேஷம். காவலாளிக்குக் காட்டினேன். "ஆறு வருஷமா இங்கதான் இருக்கேன், இதப் பாத்ததே இல்ல" என்றார். ஆறு வருஷமாக அவர் அந்தச் செடியைக் கடந்துதான் கேட்டைப் பூட்டப் போயிருக்கிறார்.

சென்னையில் இப்போது ஏதாவது ஒரு பூங்காவில் பறவை நடை, மர நடை, வண்ணத்துப்பூச்சி நடை என்று நடந்துகொண்டே இருக்கிறது. போக ஆசை, ஆனால் எங்கே ஆரம்பிப்பது, அங்கே போய் முழித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்குமோ என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஊரில் இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒரு பூங்கா

கிண்டி தேசியப் பூங்காவைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நகரத்துக்கு நடுவே வெளிமானும் புள்ளிமானும் திரிகிற காடு அது. பெருமைக்குரிய இடம்தான். ஆனால் உள்காட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். பொதுமக்களுக்குத் திறந்திருப்பது ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணையும்தான். வருஷத்துக்கு ஒரு முறை போகலாம். வாரத்துக்கு ஒரு முறை போக உங்களுக்கு வேண்டியது வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் நடந்து போகிற மாநகராட்சிப் பூங்கா.

எந்தப் பூங்கா நல்லது என்பதைச் செயற்கை நீரூற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, வயதான மரம். பொந்து விழுந்த தூங்குமூஞ்சியோ வேம்போ ஒன்று இருந்தால் ஆந்தைக்கும் கிளிக்கும் மைனாவுக்கும் வீடு உண்டு. இரண்டாவது, ஆல், அரசு, அத்தி வகை மரம். பழுக்கிற வாரத்தில் குயிலும் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அங்கே கூடிவிடும். மூன்றாவது, பெருக்காமல் விட்ட ஒரு மூலை. சருகு கிடக்கும், எருக்கு முளைத்திருக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்த மூலையில்தான் அரணை ஓடும், தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டும். எங்கள் பூங்காவில் அந்த மூலை கழிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. என்ன செய்வது, அங்கேதான் நிற்கிறேன்.

சரி, நடை எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978 முதல் இயங்குகிறது. உறுப்பினர்களைக் களத்துக்கு அழைத்துப் போவது அவர்களுடைய பழைய வழக்கம். மரங்களில் ஆர்வம் என்றால் 'நிழல்' அமைப்பு. நகரத்தின் பல பூங்காக்களில் மர நடைகளை நடத்தியிருக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டி, குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தை ஊர் மக்களோடு சேர்ந்து நம் நாட்டு மரங்கள் நிற்கிற மரப்பூங்காவாக மாற்றியதும் அவர்கள்தான். நடக்க மட்டும் இல்லாமல் களை பிடுங்கவும் தண்ணீர் ஊற்றவும் ஆசை உள்ளவர்களுக்கு இந்த மாதிரி இடம் தோதுப்படும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மண்வெட்டி பிடிக்கிற ஒரு காலைப்பொழுது எவ்வளவு நிம்மதி என்பதைச் சொன்னால் புரியாது.

பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015-ல் தொடங்கியது. தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் நான்கு நாட்கள் கிடைத்த இடத்தில் எண்ணுவார்கள். மொட்டை மாடியும் கணக்கில் சேர்த்திதான். அதற்கு அடுத்த மாதமே உலக அளவிலான கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாட்கள். புதியவர்களை வரவேற்கிற கூட்டு நடைகள் அதிகமாக இருப்பது இந்த இரண்டு சமயத்திலும்தான். முதல் நடைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இயற்கை சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகளையும் ஒதுக்காதீர்கள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. மைக் இல்லாத கச்சேரிக்கு வருகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவே குயில் கூவினால் நிமிர்ந்து பார்ப்பார்கள். அரை மணி முன்னால் போய் மரங்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் கச்சேரியில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக் கொடுத்தால் அந்தப் பூங்காவின் நாற்பது வருஷக் கதை கிடைக்கும்.

கையில் என்ன?

தண்ணீர். தொப்பி. சத்தம் போடாத செருப்போ ஷூவோ. கொசுவுக்கு முழுக்கால் சட்டை. பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் சட்டை இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. வெள்ளை மட்டும் வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம் என்பது என் பிடிவாதம்: மழைத் தூறல் பட்டால் மை ஓடிவிடும்.

பைனாகுலரை முதல் ஆறு மாதத்துக்கு வாங்காதீர்கள். கூட வருகிறவர்களிடம் இருக்கும், கேட்டால் தருவார்கள். வாங்கும்போது 8x42 என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடக்கூட நல்லது என்று நினைத்து 20 மடங்கு காட்டுவதை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கை நடுங்குகிற நடுக்கமும் இருபது மடங்காகும், கிளை ஆடுகிறதா பறவை ஆடுகிறதா என்று தெரியாது.

நடையில்

ஆறரைக்கு என்றால் ஆறேகாலுக்குப் போய்விடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது எட்டரைக்கு மேல் கிடைக்காது. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். நடத்துகிறவருக்கு ஒட்டி நில்லுங்கள், கூச்சப்பட்டு வால்பக்கம் நின்றால் "பறந்துடுச்சு" என்ற செய்தி மட்டும்தான் வந்து சேரும். பறவையைக் காட்டும்போது கையை நீட்டாதீர்கள். "வேப்ப மரம், இடது கிளை, கவட்டைக்கு மேலே ஒரு முழம்" என்று வாயால் சொல்லப் பழகுங்கள். முதல் நாள் எல்லாருமே "அதோ அங்க, பச்சையா ஒரு இலை இருக்கு பாருங்க" என்றுதான் சொல்வோம்.

பெயர் தெரியாதே என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே ஆங்கிலப் பெயர்கள் சரசரவென்று வந்து விழும். மிரள வேண்டாம். தமிழில் கேட்டு வாங்குங்கள். வெள்ளைப் புள்ளிகளோடு பொந்தில் உட்கார்ந்து முறைக்கிறது புள்ளி ஆந்தை. கன்னான் பட்டறையில் தட்டுவது போல டொங்க் டொங்க் என்று நிறுத்தாமல் அடிப்பது செம்மார்புக் குக்குறுவான். சத்தம் ஊரெல்லாம் கேட்கும், ஆள் கைக்குள் அடங்குகிற அளவுதான். நீள வாலை இழுத்துக்கொண்டு கரகரப்பாகக் கத்துகிறது வால்காக்கை. முதல் மாதத்துக்கு இருபது பெயர் போதும்.

பெயரை விடப் பெரியது அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. போன வருஷம் எங்கள் பூங்காவில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு மணி இருக்கும். திடீரென்று ஒரு அணில் கீச் கீச் என்று விடாமல் கத்த ஆரம்பித்தது. தூங்குமூஞ்சி மரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கத்தலுக்கும் வாலை ஒரு சொடுக்கு சொடுக்கியது. அடுத்த மரத்தில் இன்னொரு அணில். அப்புறம் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு சேர்ந்து கூச்சல் போட்டன. நடந்துகொண்டிருந்தவர்களில் ஒருவரும் தலை தூக்கவில்லை. நாங்கள் நின்றோம். அணில் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பார்த்தோம். இலைகளுக்குள் சாம்பல் முதுகும் சிவந்த கண்ணுமாக ஒரு வல்லூறு, அசையாமல். நான்கு நிமிஷம் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, அணில். அன்றைக்கு வந்திருந்த ஒரு அம்மா, "எங்க வீட்டு மாடியிலயும் அணில் இப்படித்தான் கத்தும், நான் சும்மா கத்துதுன்னு நெனச்சேன்" என்றார். அடுத்த வாரமே அவர் மாடியிலிருந்து வல்லூறைப் பார்த்துவிட்டார்.

கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தால் இதெல்லாம் கிடைக்காது. நல்ல நடையில் நடப்பது குறைவு, நிற்பது அதிகம். மாமரத்தடியில் பத்து நிமிஷம் நின்றால் முசுறு எறும்புக் கூட்டைப் பார்க்கலாம். பச்சை இலைகளைச் சேர்த்துப் பந்து மாதிரி கட்டியிருக்கும். கிட்டே போனால் தையல் வெள்ளை நூலாகத் தெரியும். அந்த நூல் பெரிய எறும்புகளிடமிருந்து வருவதில்லை. வேலைக்கார எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில தங்கள் குட்டிப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து, பசைக் குழாயை அழுத்துவது போல இந்த விளிம்பில் ஒரு தொடு, அந்த விளிம்பில் ஒரு தொடு என்று தைக்கும். புழுதான் பட்டு விடும். ரொம்பக் கிட்டே போகாதீர்கள், கடி பலமாக இருக்கும்.

எப்போது எது

அக்டோபர் கடைசியில் எங்கள் எல்லாருக்கும் காது ஒரு பக்கமாகவே இருக்கும். ஆறுமணிக் குருவி வந்துவிட்டதா என்று. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருகிறது. இரவில் பறந்து வரும், களைத்துப்போய்ச் சில சமயம் வீட்டு பால்கனியில், குளியலறையில்கூட இறங்கிவிடும். விடிகிற நேரமும் அந்தி சாய்கிற நேரமும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் இந்தப் பெயர். பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றடியில் சிவப்பு என்று ஏலத்தில் எடுத்த மாதிரி அத்தனை நிறம், ஆனால் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது. சருகை முழுக்கப் பெருக்கிக் கொளுத்துகிற பூங்காவுக்கு அது வராது. நான் பெருக்காத மூலையைப் பற்றி அவ்வளவு சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அதே பருவத்தில் அரசவால் ஈப்பிடிப்பானும் வரும். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நத்தை, தவளை, ரயில் பூச்சி. மாசி, பங்குனியில் முள்ளிலவு இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும்போது அந்த மரத்தடியை விட்டு நகரவே வேண்டாம், மைனாவும் காக்காயும் கரிச்சானும் தேனுக்கு வரிசை கட்டும். வெயில் காலத்தில் ஆண் ஓணான் கழுத்தும் தலையும் சிவந்து வேலிமேல் தண்டால் எடுக்கும். ரத்தம் உறிஞ்சுகிறது என்று சின்ன வயதில் கல்லெறிந்திருக்கிறோம். பாவம், அது பெண் ஓணானுக்கும் பக்கத்து ஓணானுக்கும் காட்டுகிற ஜம்பம். வெயில் முற்றியபின் காக்கை குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம். வளர்ந்த குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு துரத்தும், காக்கை அலுத்துக்கொண்டே ஊட்டும்.

வண்ணத்துப்பூச்சிக்குச் செடியைப் பாருங்கள். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் மாதிரி கிடக்கிற புழு கறிவேப்பிலை அழகனாகவோ எலுமிச்சை அழகியாகவோ ஆகலாம். எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். எருக்கைப் பிடுங்காமல் விடுங்கள் என்று தோட்டக்காரரிடம் கெஞ்சியாவது சொல்லி வையுங்கள்.

எழுதி வைப்பது

பறவைப் பட்டியல் போடுகிற இபேர்ட் செயலி இலவசம். பூங்காவில் நுழையும்போது தொடங்கி, வெளியே வரும்போது நிறுத்தி, பார்த்த கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு போடுங்கள். கணக்கெடுப்பு நாட்களில் குறைந்தது 15 நிமிஷம் பார்க்க வேண்டும். காக்காயையும் புறாவையும் விட்டுவிடாதீர்கள். அரிய பறவையை மட்டும் போடுகிற பட்டியலால் யாருக்கும் பிரயோஜனமில்லை. காக்காய் குறைகிறதா கூடுகிறதா என்பது காக்காயை எண்ணியவர்கள் இருந்தால்தான் தெரியும். அந்தியில் கிளிக்கூட்டம் போகும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது, பத்து என்பது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு அந்த அளவை வைத்து மொத்தத்தை மதிப்பிடுங்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிற மெர்லின் செயலி புதியவர்களுக்குப் பெரிய உதவி. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தி மற்ற பறவைகளை விரட்டிவிட்டு இரையைப் பிடுங்கும். பறவைகளே ஏமாறுகின்றன, செயலி எம்மாத்திரம். அது சொன்ன பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். செடி, பூச்சி, சிலந்திக்கு ஐநேச்சுரலிஸ்ட். படம் போட்டால் யாராவது பெயர் சொல்வார்கள்.

செய்யக்கூடாதவை

கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள், கூடு இருக்கிற இடத்தை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். போனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைப்பது குஞ்சு பொரிக்கிற காலத்தில் பெரிய கொடுமை. எதிரி வந்துவிட்டான் என்று அது அலைந்து திரியும், கூட்டை மறக்கும். ஆந்தை முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கீழே விழுந்த குஞ்சை வீட்டுக்கு எடுத்துப் போகாமல், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் தாய் வந்து பார்க்கும்.

பாம்பு தென்பட்டால் நில்லுங்கள், அது போகட்டும். எங்கள் பூங்காவில் ஒருமுறை கொம்பேறி மூக்கன் வந்தது. கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று கதை கட்டியிருக்கிறார்களே, அதுதான். உண்மையில் விஷமில்லாத, மரத்தில் ஓணான் பிடித்துத் தின்கிற பாம்பு. அதைப் பார்த்து ஓடியவர்கள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டதுதான் அன்றைய ஒரே காயம். அதற்காக எல்லாப் பாம்பும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம், அடையாளம் தெரியாத பாம்பிடம் தூரமே மரியாதை.

நீங்களே ஒரு நடை வைப்பது

ஒரே பூங்காவுக்கு ஒரு வருஷம் போனால் இதற்குத் தகுதி வந்துவிடும். எல்லாப் பெயரும் தெரிய வேண்டாம். எந்த மரத்தில் எது, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும்.

நான் முதலில் வைத்த நடை சொதப்பல். ஞாயிறு காலை ஏழரை என்று அறிவித்தேன். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஆந்தை மரத்தடியில்தான் ஞாயிறுதோறும் சிரிப்பு கிளப் கூடும் என்பது எனக்குத் தெரியாது, நான் போவதெல்லாம் வார நாட்களில். இருபது பேர் கையைத் தூக்கி ஹா ஹா ஹா என்று சிரிக்க, நான் குரலைத் தாழ்த்தி ஆந்தையைப் பற்றிப் பேச, ஆந்தை பொந்தை விட்டு வெளியே வரவே இல்லை. அன்றிலிருந்து எந்தக் கிழமை நடையோ அதே கிழமை, அதே நேரத்தில் முந்தைய வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் அறிவிக்கிறேன். பன்னிரண்டு பேருக்கு மேல் எடுப்பதில்லை. கூடினால் இரண்டு குழுவாகப் பிரித்து எதிர் எதிர்த் திசையில் அனுப்பிவிடுகிறேன்.

அனுமதி: மாநகராட்சிப் பூங்கா என்றால் மண்டல அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் விட்ட பூங்கா என்றால் அங்கே இருக்கிற மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாற்காலியும் டீயும் அவர்கள் பொறுப்பில் வந்துவிடும். எல்லாருக்கும் மேல் தோட்டக்காரரும் காவலாளியும். அவர்களை நடைக்குக் கூப்பிடுங்கள், பேசச் சொல்லுங்கள். சாவி தொலைந்ததா என்று கேட்ட அதே காவலாளி இப்போது "ஆந்தை இடம் மாறிடுச்சு, பம்ப் ரூம் பக்கம் பாருங்க" என்று கேட்டிலேயே சொல்லிவிடுகிறார்.

பல பூங்காக்கள் நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். வயதானவர்கள் வந்தால் உட்கார பெஞ்சுகள் இருக்கிற வழியாகப் பாதையைப் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும்.

குழந்தைகளுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்துக் கழுத்தை அறுக்காதீர்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள்: ஐந்து விதமான பச்சை இலை, மரத்திலிருந்து கீழே விழுந்தது மட்டும். யாரோ கடித்துத் தின்ற ஓட்டை உள்ள இலை ஒன்று. தின்றது யார் என்று கண்டுபிடி. நெட்டிலிங்க மரத்தில் அந்த ஓட்டையைத் தேடிப் போன ஒரு பையன் கொம்பு முளைத்த மாதிரி ஒரு புழுவைக் கண்டுபிடித்தான். சின்ன வால் உள்ள, பச்சைப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சியின் புழு அது. நான் அந்த மரத்தைப் பல மாதமாகக் கண்டுகொள்ளவே இல்லை, வெறும் வேலி மரம் என்று.

நடை முடிந்ததும் உடனே கலைந்து போக விடாதீர்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடை இருக்கும். அங்கே நின்று எல்லாரும் பார்த்ததைச் சொல்லச் சொல்லிப் பட்டியலைச் சரிபாருங்கள். எண்ணிக்கையில் தகராறு வரும். ஒருவர் மூன்று குக்குறுவான் என்பார், இன்னொருவர் ஒன்றுதான், அது மரம் மாறி உட்கார்ந்தது என்பார். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதி, அங்கேயே இபேர்டில் ஏற்றி, எல்லாருக்கும் பகிர்ந்துவிடுங்கள். அடுத்த நடை எந்தத் தேதி என்பதையும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள்.